எதிர்ப்பக்கம் சுற்றிய சக்கரம்

விடைபெறும் கூட்டத்தில் எனக்குப் போர்த்திய சால்வையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தேன். மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மறுநாளே கூரியரில் அனுப்பிவைத்தார்கள். நான் மறக்கவில்லை. உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரி மேல் போட்டு வைத்திருக்கிறேன். கூட்டத்தின் நடுவில் ஏன் எழுந்து போனீர்கள் என்று அலுவலகத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன், வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

கூட்டத்தில் எங்கள் பிரிவின் தலைவர் கேசவுலு சார் மைக் பிடித்தார். சித்தூர்க்காரர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை என் வேலையைப் பார்த்துச் சரி, சரியில்லை என்று சொன்னவர். என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். அப்புறம், சுலோச்சனாவுக்குக் கோபம் மட்டும்தான் ஜாஸ்தி, ஒரு சக்கரம் இந்தப் பக்கம் சுற்ற வேண்டுமா அந்தப் பக்கம் சுற்ற வேண்டுமா என்று என்னோடு மாதக்கணக்கில் பேசாமல் கிடந்த மனுஷி என்றார். எல்லாரும் சிரித்தார்கள். போன வருடம் சேர்ந்த பெண்கள்கூட, என்ன ஏதென்று தெரியாமலே சிரித்தார்கள்.

விளக்கை அணைத்து, நான் செய்த அனிமேஷன் காட்சிகள் என்று ஒரு தொகுப்பைத் திரையில் ஓட்டினார்கள். பூமாரி, விபூதி, அபிஷேக நீர்த்துளி என்று ஒவ்வொன்றாக வந்தது. நடுவில் அந்தச் சக்கரமும் வந்தது. கீழே என் பெயர். அப்போதுதான் எழுந்து வெளியே வந்தேன்.

சக்கரத்தைச் சொல்வதற்கு முன்னால் பூவைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் கோபம் வெறும் வீம்பு என்று தோன்றும்.

நான் நகரிக்குப் பக்கத்து ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வேலையில் இங்கிலீஷ். சென்னையில் அனிமேஷன் படித்து, அங்கேயே சில காலம் பின்னணிப் படங்களுக்கு வர்ணம் தீட்டிவிட்டு, திருப்பதியில் இந்த ஸ்டுடியோ ஆரம்பித்தபோது வந்து சேர்ந்தேன். திருப்பதி ஸ்டுடியோவுக்கு என்ன வேலை வரும்? சாமி படம்தான். சாமி படம் என்றால் பூ கொட்ட வேண்டும். என் வாழ்நாளில் நான் கொட்டிய பூவைக் குவித்தால் திருச்சானூர்க் கடைத்தெருவே மூடிப்போகும்.

கம்ப்யூட்டரில் பூ கொட்டுவதற்கு ஒவ்வோர் இதழையும் நாம் வரைவதில்லை. ஓர் இதழைச் செய்து கொடுத்தால், மென்பொருள் அதை ஆயிரக்கணக்கான துகள்களாகப் பெருக்கி மேலேயிருந்து விடும். காற்று எவ்வளவு, பூமி எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லிவிட்டால், எந்தத் துகள் எங்கே போகும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் போகிற துகளின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது, அது தன்னைத்தானே எப்படிச் சுற்றிக்கொள்கிறது என்பதை மட்டும் அதுவாகச் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் எல்லா இதழும் போலீஸ் அணிவகுப்பு மாதிரி ஒரே பக்கம் முகம் காட்டிக்கொண்டு இறங்கும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துப் பயந்துபோய், ஒவ்வொன்றுக்கும் கண்டபடி ஒரு சுழற்சியைக் கொடுத்துவிடுவார்கள். அப்போது பூ சுற்றும், நன்றாகவே சுற்றும். தரையில் விழுந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நானும் முதலில் அப்படித்தான் கொண்டுபோய்க் காட்டினேன். கேசவுலு சார் பார்க்கிற விதத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் தடவை ஓட்டும்போது ஒன்றும் பேச மாட்டார். இரண்டாம் தடவை கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைப்பார். மூன்றாம் தடவை எழுந்து வந்து, சுண்டுவிரல் நுனியைத் திரையில் ஓர் இதழின் மேல் வைத்து, அது எங்கே போகிறதோ அங்கெல்லாம் விரலைக் கொண்டுபோவார். ஆயிரம் இதழில் ஒன்றே ஒன்று. அது தரையில் விழுகிற வரைக்கும் விரலை எடுக்க மாட்டார். அன்றைக்கு விரல் தரையில் நின்றது. இதழ் நிற்கவில்லை.

"சூடும்மா, பாரு" என்று தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார். "ஒக்க பூவ, ஒரே ஒரு பூவ பிடி. அது பொறந்ததுலேர்ந்து சாவற வரைக்கும் பாரு. கீழ விழுந்த பூ சுத்துமா? ஜனங்களுக்குக் காரணம் தெரியாது. ஆனா பொய்யின்னு தெரிஞ்சுபூடும்."

அந்த வார்த்தையை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். திருச்சானூர்க் கோயில் வாசலில் உதிரிப்பூ ஒரு பை வாங்கிவந்து, ஸ்டுடியோ மாடிப்படியிலிருந்து கொட்டிக் கொட்டிப் படம் பிடித்தேன். பெருக்குகிற லட்சுமம்மாவிடம் திட்டும் வாங்கினேன். ரோஜா இதழ் இப்படியும் அப்படியும் ஆடி ஆடி இறங்குகிறது. சாமந்தி இதழ் மெல்லியது, அம்புபோல் சுழன்றுகொண்டு வருகிறது. தாமரை இதழுக்கு வயிறு கனம், குழிந்த பக்கம் மேலே பார்க்க வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சுழற்சி கொடுத்தேன். வேகம் குறையக் குறையச் சுழற்சியும் குறையும்படி ஒன்றோடு ஒன்றைக் கட்டினேன். தரையைத் தொட்டதும் இதழ் படுத்துவிட வேண்டும், ஏற்கெனவே விழுந்த இதழ் அடியில் இருந்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ள வேண்டும். மறுபடி காட்டினேன். சார் சுண்டுவிரலை வைத்தார், கொண்டுபோனார், தரையில் நிறுத்தினார். இதழும் நின்றது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அடுத்தது என்றார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

இந்த மனிதர்தான் பிற்பாடு அந்தக் காரியத்தைச் செய்யச் சொன்னார். வேறு யாராவது சொல்லியிருந்தால் தெரியாமல் சொல்கிறார்கள் என்று விட்டிருப்பேன்.

சில வருடங்களுக்கு முன்பு வரதய்யபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தொழிற்சாலைக்காரர்கள் வந்தார்கள். பெயர் வேண்டாம். அங்கே இரும்பு தீட்டுகிற கிரைண்டரின் கல்சக்கரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே வெடித்து, ஏழுமலை என்கிற தொழிலாளிக்கு வலது கண் போய்விட்டது. அந்த விபத்தை அனிமேஷனாகச் செய்து, புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பில் காட்ட வேண்டும் என்றார்கள். கதையையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். ஏழுமலை விதியை மீறிச் சக்கரத்தின் மேல் குனிந்தான், அதனால் அடிபட்டான். அரசாங்க விசாரணை நடந்துகொண்டிருக்கிறது, அங்கேயும் இந்தப் படம் உதவும் என்று போகிற போக்கில் சொன்னார்கள். குனிந்தது அவன் குற்றம் என்று முடிந்தால் அவனுக்கு வேலை இல்லை, நஷ்டஈடு இல்லை என்பது கேட்காமலே புரிந்தது.

இயந்திரத்தை நேரில் பார்க்க நானும் சாரும் போனோம். மேஜை உயரத்தில் ஒரு மோட்டார், அதன் பக்கத்தில் கல்சக்கரம். ஆள் எதிரே நின்று இரும்பைச் சக்கரத்தில் வைத்து அழுத்துவான். சக்கரத்தின் முன்பக்கம் எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் போகும். அதனால் தீப்பொறி காலடியில் விழும், முகத்துக்கு வராது. சக்கரத்தின் தலையையும் முதுகையும் ஓர் இரும்பு மூடி மறைத்திருக்கும், முன்பக்கம் கொஞ்சம் மட்டும் திறந்திருக்கும். நான் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். இயந்திரம் முழுக்கப் பல வருட எண்ணெய்க் கறுப்பு அப்பிக்கிடக்க, மூடியின் போல்ட்டுகள் மட்டும் வெள்ளி மாதிரி மின்னின. மூடி புதிதா என்று கேட்டேன். கூட வந்த பாதுகாப்பு அதிகாரி பெயிண்ட் அடித்தோம் என்றார். பெயிண்டைப் பற்றி நான் கேட்கவேயில்லை.

ஸ்டுடியோவுக்கு வந்து வேலையை ஆரம்பித்தேன். சக்கரம், மூடி, எதிரே ஓர் ஆள். சக்கரத்தைச் சரியான பக்கம் சுற்றவிட்டு உடைத்தேன். உடைந்த சில்லு இஷ்டத்துக்குப் பறக்காது. உடைகிற கணத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே நேராகப் போகும். போகும்போது, சக்கரம் எந்தப் பக்கம் சுற்றியதோ அதே பக்கமாகத் தானும் சுற்றிக்கொண்டு போகும். தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிற மாதிரி அது வரும். அப்போது எங்களிடம் இருந்த மென்பொருள் உடைந்த துண்டுகளுக்கு அதைத் தானாகக் கொடுக்காது. ஒவ்வொரு சில்லுக்கும் சுழற்சியை நானே கணக்குப் பார்த்துக் கையால் போட்டேன்.

முன்பக்கச் சில்லுகள் தரைக்குப் போயின. தலைப்பக்கச் சில்லுகள் ஆள் முகத்தைப் பார்த்து வந்தன, ஆனால் எல்லாம் மூடியில் மோதி நின்றுவிட்டன. உடைகிற இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஆளைக் குனியவைத்தேன், இன்னும் குனியவைத்தேன். சில்லு அவன் பூட்ஸில் பட்டதே தவிரக் கண்ணுக்கு வரவில்லை. கடைசியில் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். ஆள் நிமிர்ந்துதான் நின்றிருந்தான். தலைப்பக்கத்துச் சில்லு ஒன்று சுழன்றுகொண்டே நேராக அவன் வலது கண்ணுக்கு வந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றேன்.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து வந்து சுண்டுவிரலை அந்தச் சில்லின் மேல் வைத்து, சக்கரத்திலிருந்து கண் வரைக்கும் கொண்டுபோனார். புரிந்துகொண்டார். புரியவில்லை என்று அவர் சத்தியம் செய்தாலும் நான் நம்ப மாட்டேன். அந்த விரலை எனக்குத் தெரியும். போய் உட்கார்ந்து, மூடியை மறுபடி போடச் சொன்னார். மூடி போட்டால் அடி படாது சார் என்றேன்.

"சக்கரத்த ரிவர்ஸ்ல சுத்த விடும்மா" என்றார்.

ரிவர்ஸில் சுற்றினால் முன்பக்கம் கீழிருந்து மேலாகப் போகும். திறந்திருக்கிற இடத்திலிருந்து சில்லு மேலே கிளம்பும். குனிந்த ஆளின் முகத்துக்குச் சரியாக வரும். மூடியும் இருக்கும், அடியும் படும், குற்றமும் அவன் தலையில் விழும். வாடிக்கையாளர் கேட்ட கதைக்கு அந்த ஒரே வழிதான் உண்டு என்பதை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவு மூளை.

உலகத்தில் எந்தக் கிரைண்டரும் அப்படிச் சுற்றாது என்றேன். பார்க்கிறவர்களுக்கு அதெல்லாம் தெரியாது என்றார். பூ சுற்றினால் ஜனங்களுக்குப் பொய் தெரிந்துவிடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அது சாமி படம்மா. இது ட்ரெயினிங் வீடியோ" என்றார்.

இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காகிதத்தில்கூட விழாத பூவுக்கு அத்தனை நியாயம் பார்த்த மனிதருக்கு, உயிரோடு இருக்கிற ஒருவன் கண்ணுக்கு நியாயம் பார்க்க மனசு வரவில்லை. என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. சரேம்மா என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலி கிஷோரிடம் வேலையைக் கொடுத்தார். கிஷோருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது, இல்லை என்று சொல்லுகிற நிலையில் அவன் இல்லை. அவன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. சக்கரத்தைத் திருப்ப ஓர் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் போதும். போட்டான். படம் போய்விட்டது. வேலையை ஆரம்பித்தவள் நான் என்பதால் ஷாட்டில் என் பெயரே நின்றுவிட்டது. எடுக்கச் சொல்லிக் கேட்டேன், பார்த்துக்கொள்ளலாம் என்றார் சார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், வாசலில் யாரோ தகராறு செய்வதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் தகராறெல்லாம் இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன், உள்ளே விடாததால் படியில் உட்கார்ந்திருந்தான். தமிழில் கேட்டேன். ஏழுமலை என்றான். வகுப்பில் அந்தப் படத்தைப் போட்டபோது அவனையும் முன்வரிசையில் உட்காரவைத்துக் காட்டியிருக்கிறார்கள். படத்தின் கடைசியில் எங்கள் ஸ்டுடியோ பெயரைப் பார்த்துவைத்துக்கொண்டு, பஸ் மாறி மாறி வந்திருக்கிறான்.

"இன்னாத்துக்குக்கா என்ன குனிய வெச்சீங்க?" என்று கேட்டான். "நான் நேராத்தான் நின்னுக்கினு இருந்தேன். மூடியக் கழட்டி அப்பவே மாசம் ஆயிருந்துச்சு. பெரிய பீஸு உள்ள போவலன்னு அவங்கதான் கழட்டச் சொன்னாங்க. இப்ப படத்த ஊரே பாத்துக்கினு இருக்குது. சோறு துன்னும்போது எங்க நைனா கேக்கறாரு, நெஜமா சொல்லுடா, நீ குனிஞ்சியான்னு. பெத்தவரே நம்பலக்கா."

அவனை உள்ளே கூட்டிப்போய் என் நாற்காலியில் உட்காரவைத்தேன். யாரும் தடுக்கவில்லை, என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். முதலில் நான் செய்ததை ஓட்டிக் காட்டினேன். மூடி இல்லாத சக்கரம், நிமிர்ந்து நிற்கிற ஆள். சில்லு வந்தபோது அவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"இப்டித்தான்க்கா வந்துச்சு" என்றான்.

அடுத்து, தொழிற்சாலைக்குப் போன படத்தை ஓட்டினேன். அது வெளியே போன பிறகு நான் அதைப் பார்க்கவேயில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். பழக்கதோஷம், ஒரே ஒரு சில்லைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே கண்ணைக் கொண்டுபோனேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சக்கரத்தைத் திருப்பியவர்கள் சில்லுகளைத் திருப்ப மறந்துவிட்டார்கள். அவற்றின் சுழற்சியை நான் தனித்தனியாகக் கையால் போட்டிருந்தேன் அல்லவா, கழித்தல் குறி அங்கே போய்ச் சேரவில்லை. சக்கரம் ஒரு பக்கம் சுற்றுகிறது, அதிலிருந்து பிறந்த சில்லெல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு போகிறது. நடக்கவே முடியாத காரியம். யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டு படங்களையும் அவனுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அலுவலக விதிப்படி அது தப்பு. கொடுக்கும்போதே தெரியும், தெரிந்துதான் கொடுத்தேன். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விசாரணை நாளன்று லீவு போட்டுவிட்டு நானும் அவனோடு போனேன். விசாரித்த அதிகாரி, பொம்மைப் படத்தை எல்லாம் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்றுதான் முதலில் சொன்னார். தொழிற்சாலை கொடுத்ததும் பொம்மைப் படம்தானே, அதை ஏன் எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அப்படியானால் போடுங்கள் என்றார். படத்தை நிறுத்தி நிறுத்தி, சக்கரம் எந்தப் பக்கம், சில்லு எந்தப் பக்கம் என்று காட்டினேன். அவருக்கு எங்கள் தொழில் தெரியாது, ஆனால் ஏதோ ஒன்று பொய் என்பது தெரிந்துவிட்டது. சார் எனக்குச் சொன்னது அங்கே சரியாகத்தான் பலித்தது.

வாயால் சொன்னதெல்லாம் போதும், போய் இயந்திரத்தையே ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினார். கிரைண்டரைப் போட்டு ஓர் இரும்புத் துண்டை வைக்கச் சொன்னார். பொறி எல்லாம் அவர் செருப்பின் மேல் கொட்டியது. பின்னால் நகர்ந்துகொண்டே பாதுகாப்பு அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். மூடி எப்போது மாட்டியது என்று கேட்டார். இந்தத் தடவை அவர் பெயிண்ட் என்று சொல்லவில்லை, விபத்துக்குப் பிறகுதான் என்று ஒப்புக்கொண்டார்.

தவறு ஏழுமலை மேல் இல்லை என்று எழுதினார்கள். குடோனில் வேலை கொடுத்தார்கள், நஷ்டஈடும் வந்தது. மூடியைக் கழற்றச் சொன்னது யார் என்பதை மட்டும் கடைசிவரை யாரும் எழுதவில்லை. போன கண் போனதுதான். ஏழுமலை போனில் ஒன்றே ஒன்று சொன்னான், நைனா இப்போது ஒன்றும் கேட்பதில்லை என்று.

எனக்குக் கிடைத்த பரிசு பூ. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எனக்குப் பூவைத் தவிர வேறு எதுவும் தரவில்லை. கஷ்டமான ஷாட் எல்லாம் என் நாற்காலியைத் தாண்டிப் போனது. சார் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, வேலையைவிட்டு அனுப்பவும் இல்லை. வாம்மா, போம்மா என்று மரியாதையாகவே நடத்தினார். மரியாதையாக நடத்தியபடியே ஓரங்கட்டுவது எப்படி என்று அவரிடம்தான் பார்த்தேன்.

தொழிற்சாலை அந்தப் படத்தைத் தூக்கிப்போட்டுவிட்டது. எங்கள் ஸ்டுடியோ போடவில்லை. கல் வெடிக்கிற அழகு, சில்லுகளில் வெளிச்சம் பட்டு மின்னுகிற அழகு, அதெல்லாம் புது வாடிக்கையாளர்களுக்குக் காட்ட நன்றாக இருக்கிறதாம். விளம்பரத் தொகுப்பில் சேர்த்து, என் பெயரோடு வருடக்கணக்காகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவனைப் பொய்யனாக்கச் செய்த படத்தை, அதைச் செய்ய மாட்டேன் என்றவளின் பெயரில், அவளுடைய விடைபெறும் கூட்டத்திலேயே போட்டுக் கைதட்டினார்கள். சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினால் என்ன என்று சிரித்தார்கள். சால்வையையும் போர்த்தினார்கள்.

போனில் கேட்ட பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அந்தத் தொகுப்பு உங்கள் எல்லாரிடமும் இருக்கிறது. ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சக்கரத்தைப் பார்க்காதீர்கள், வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு சில்லின் மேல் விரலை வைத்து அதன் கூடவே போங்கள். சக்கரம் அந்தப் பக்கம் சுற்ற, சில்லு மட்டும் சரியான பக்கம் சுற்றிக்கொண்டு போவது தெரியும்.

சில்லுகள் மட்டும்தான் என் வேலை. மிச்சத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு வந்து சொல்லுங்கள், சால்வையைப் பிரிக்கிறேன்.